ஜவான் மேல் குற்றச்சாட்டு வந்தால் மேலதிகாரி எப்படித் துணை நிற்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதனால் எங்காவது ஒரு பையன் மேல் சார்ஜ் வந்தால் அவனுடைய அப்பாவோ மனைவியோ விவரம் கேட்டு வந்துவிடுகிறார்கள். சர்வீஸில் இருக்கும் ஹவில்தார்கள், ஜேசிஓக்கள் (சுபேதார் மாதிரி, ஜவானுக்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட பதவியில் இருப்பவர்கள்), புதிதாகக் கம்பெனிப் (யூனிட்டின் ஒரு உட்பிரிவு) பொறுப்பு எடுத்த இளம் அதிகாரிகளும் போனில் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இதில் சொல்வது தரைப்படைக்கு, அதாவது 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்துக்கும் 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளுக்கும் உட்பட்டவர்களுக்கு. அக்னிவீரர்களும் இதில் அடக்கம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன.

குற்றம் சாட்டப்பட்டவனுக்கு உதவினால் தப்புக்குத் துணை போன மாதிரி ஆகிவிடாதா?

ஆகாது. அவன் செய்தானா இல்லையா என்பதை முடிவு செய்ய ஒரு முறை இருக்கிறது. அந்த முறை நேராக நடக்கிறதா, அது முடியும்வரை அவன் உடலும் மனமும் குடும்பமும் தாங்குமா என்று பார்ப்பது வேறு வேலை. நான் துணை நிற்பது என்று சொல்வது இந்த இரண்டாவது வேலையை.

சாட்சியைக் கலைப்பது, பேப்பரை மறைப்பது, புகார் கொடுத்தவரைச் சமாதானம் என்ற பெயரில் மிரட்டுவது எல்லாம் துணை அல்ல, குற்றம். "என் பசங்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்று சொல்லும் சிலர் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள். அதனால் கடைசியில் அந்தப் பையனுக்கே கெடுதல் வருகிறது.

முதல் நாள் என்ன செய்யணும், சாப்? எங்களுக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

முதலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் மேல் என்ன புகார் வந்திருக்கிறது என்று நேரடியாகச் சொல்லுங்கள். லங்கரில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவன் சொல்லி அவனுக்குத் தெரிய வரக்கூடாது. அடுத்து என்ன நடக்கும், யார் விசாரிப்பார்கள், எப்போது அவனைக் கூப்பிடுவார்கள் என்பதையும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த வாக்குறுதி உங்கள் கையில் இல்லை.

அப்புறம், அவனுக்கென்று ஒரு ஆளைக் குறித்துக் கொடுங்கள். வழக்கோடு தொடர்பில்லாத ஒரு ஜேசிஓவோ சீனியர் ஹவில்தாரோ போதும். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போய் "சாப்பிட்டியா, தூங்கினியா, வீட்டுக்குப் பேசினியா" என்று கேட்பது அவர் வேலை. வழக்கைப் பற்றி அவர் கேட்கவே கூடாது.

மூன்றாவது, அன்றைக்கே எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குச் சொன்னோம், என்ன சொன்னோம், அவன் கேட்டது என்ன, டாக்டர் பார்த்தாரா. நான்கு மாதம் கழித்து "எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை" என்று அவன் சொன்னாலும், "எல்லாம் சொன்னோம்" என்று நீங்கள் சொன்னாலும், அந்த ஒரு பக்கம்தான் பேசும்.

"உண்மையைச் சொல்லுடா, நான் பார்த்துக்கிறேன்" என்று கேட்டு வாங்கலாமா?

வேண்டாம். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் நீங்கள் அவனுக்கு மேலே இருப்பவர். நீங்கள் கேட்டால் அவனால் பேசாமல் இருக்க முடியாது. அவன் சொன்ன பிறகு நீங்களே சாட்சியாகக் கூப்பிடப்படலாம், அப்போது மறைக்கவும் முடியாது. மதகுருவிடமோ நண்பனிடமோ சொன்னாலும் இதே நிலைதான் என்பதை அவனுக்கும் சொல்லி வையுங்கள்.

சட்டமே இங்கே ஜாக்கிரதையாக இருக்கிறது. சம்மரி ஆஃப் எவிடென்ஸ், அதாவது சாட்சியங்களின் தொகுப்பு, எழுதும்போது, அவன் வாக்குமூலம் கொடுப்பதற்கு முன் அவனிடம் சொல்லியாக வேண்டும்: விருப்பம் இருந்தால் பேசலாம், பேச வேண்டிய கட்டாயம் இல்லை, பேசினால் அது எழுதப்பட்டுச் சாட்சியமாக வரலாம். விதி 23 இது. எழுத்தில் இத்தனை எச்சரிக்கையோடு கேட்க வேண்டியதை டீக்கடைப் பேச்சில் கறந்துவிடக் கூடாது.

குவார்ட்டர் கார்டில் (யூனிட் காவல் அறையில்) எத்தனை நாள் வேண்டுமானாலும் வைக்கலாமாமே?

இல்லை. காவலில் வைத்த தகவல் யூனிட்டின் தலைவரான கமாண்டிங் ஆபீசருக்கு (சிஓ) போனதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் விசாரணை தொடங்க வேண்டும். பணியின் அவசரத்தால் உண்மையிலேயே முடியாமல் போனால் மட்டும் விதிவிலக்கு. போர்ப்பணியில் இல்லாதவரை கோர்ட் மார்ஷலுக்கு (ராணுவ நீதிமன்ற விசாரணைக்கு) உத்தரவு இல்லாமல் 8 நாளைத் தாண்டிக் காவலில் வைத்தால், தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி அறிக்கை மேலே போக வேண்டும். அதன் பிறகும் 8 நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. ஒருவரைத் தேவையில்லாமல் காவலில் வைத்திருப்பதே ராணுவச் சட்டம் 50ஆம் பிரிவின்படி குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. காவலில் இருப்பவனை அடிப்பதும் கொடுமைப்படுத்துவதும் 47ஆம் பிரிவு, அதற்கு ஏழு ஆண்டு வரை. கார்டு கமாண்டரிடம் இதை ஒருமுறை சொல்லி வைத்தால் பல விபரீதங்கள் நடக்காமலே போகும்.

எல்லாக் குற்றச்சாட்டுக்கும் காவல் தேவையும் இல்லை. லீவு முடிந்து தாமதமாக வந்தவன் தானாகவே யூனிட் கேட்டுக்கு வந்து நிற்கிறான். கையில் பை, சட்டைப் பையில் மடித்து வைத்த ஆஸ்பத்திரிச் சீட்டு. அவன் எங்கே ஓடப் போகிறான்? அந்தச் சீட்டை வாங்கி, தேதியைப் பார்த்து, ஃபைலில் சேர்ப்பதுதான் அந்த நேரத்தில் செய்யக்கூடிய பெரிய உதவி. நாலு நாள் கழித்து அந்தக் காகிதம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

சிஓ முன்னாடி பெல்ட், தொப்பி கழட்டி நிறுத்துறாங்க. அங்கே எங்க பையன் வாயைத் திறக்கலாமா?

திறக்கலாம், திறக்கவும் வேண்டும். விதி 22 அதற்குத்தான் இருக்கிறது. தனக்கு எதிரான சாட்சிகளை அவன் குறுக்குக் கேள்வி கேட்கலாம், தன் பக்கத்துச் சாட்சிகளைக் கூப்பிடலாம், தன் தரப்பைச் சொல்லலாம். சாட்சியத்தில் குற்றம் தெரியவில்லை என்றால் சிஓ அங்கேயே சார்ஜைத் தள்ளுபடி செய்ய வேண்டும்.

ஆனால் இருபத்திரண்டு வயசுப் பையன் அட்டென்ஷனில் நின்றுகொண்டு கர்னலுக்கு முன்னால் என்ன கேள்வி கேட்பான்? "நஹீன் சாப்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவான். அதனால் முந்தின நாளே கம்பெனியில் யாராவது அவனை உட்காரவைத்து, "நாளைக்கு இப்படிக் கேட்பாங்க, உனக்குச் சாட்சி யார் இருக்காங்க, பேர் எழுதி வைச்சுக்கோ, கேள்வி கேட்க உனக்கு உரிமை இருக்கு" என்று சொல்ல வேண்டும். என்ன பதில் சொல்வது என்று சொல்லித்தரக் கூடாது. பதில் சொல்ல இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். சட்டம் தரும் உரிமைகளில் பாதி இந்த அரைமணி நேரப் பேச்சு இல்லாததால்தான் வீணாகிறது.

கோர்ட் ஆஃப் என்கொயரின்னு கூப்பிட்டிருக்காங்க. அது கோர்ட் மார்ஷலா?

இல்லை, என்ன நடந்தது என்று கண்டறியும் குழு அது. தண்டனை தராது. அங்கே சொன்ன வாக்குமூலத்தைப் பிறகு கோர்ட் மார்ஷலில் அவனுக்கு எதிரான சாட்சியமாக வைக்கவும் முடியாது, பொய்ச் சாட்சி போன்ற விதிவிலக்குகள் தவிர.

ஆனால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவருடைய நடத்தையையோ ராணுவ நற்பெயரையோ பாதிக்கும் விசாரணை என்றால், விதி 180இன்படி அவர் முழு நேரமும் உடனிருந்து, சாட்சிகளைக் கேள்வி கேட்டு, தன் சாட்சிகளையும் கொண்டுவர வாய்ப்பு தந்தாக வேண்டும். அந்தப் பையனை வாசலில் உட்காரவைத்து, தேவைப்படும்போது மட்டும் உள்ளே கூப்பிட்டால் அந்த விதி மீறப்படுகிறது. விசாரணையில் இருக்கும் அதிகாரிக்கு இதை நினைவுபடுத்துவது அவனுடைய கம்பெனி கமாண்டரின் வேலை. இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. இந்த விதி மீறப்பட்டு வழக்கு நீதிமன்றத்தில் அடிபட்டால் நஷ்டம் யூனிட்டுக்கும்தான்.

பேப்பர் எல்லாம் இங்கிலீஷ், பேச்செல்லாம் இந்தி. பையனுக்கு ரெண்டும் தட்டுத்தடுமாறித்தான் வரும். என்ன செய்யறது?

கோர்ட் மார்ஷலுக்கு முன் சார்ஜ் ஷீட்டின் நகலை அவன் கையில் கொடுத்து, தேவைப்பட்டால் படித்து விளக்க வேண்டும். தனக்குப் புரியும் மொழியில் வேண்டும் என்று கேட்டால் மொழிபெயர்ப்பும் தர வேண்டும். விதி 34இல் இருக்கிறது. தமிழில் வேண்டும் என்று கேட்கலாம், கேட்டதாக எழுதியும் கொடுக்கலாம். அந்த விதிப்படி சார்ஜைச் சொன்னதற்கும் கோர்ட் அவனிடம் குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்பதற்கும் இடையே 96 மணி நேரமாவது இருக்க வேண்டும். போர்ப்பணியில் 24 மணி நேரம்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் மாதிரியான இடத்தில் தமிழ் தெரிந்த ஆள் சுலபமாகக் கிடைப்பார். சிக்னல்ஸ், ஈஎம்ஈ (வண்டி, கருவிகள் பழுது பார்க்கும் பிரிவு), சப்ளை என்று எல்லா மாநிலத்தவரும் கலந்த யூனிட்டில் தேடிப் பிடிக்க வேண்டும். தேடிப் பிடியுங்கள். புரியாத காகிதத்தில் வாங்கிய கையெழுத்து பின்னால் யாருக்கும் நிம்மதி தராது.

வெளி வக்கீல் வைக்கலாமா? வைத்தால் சிஓ கோபப்படுவாரா?

வைக்கலாம். பல அதிகாரிகள் உட்காரும் ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலில் வக்கீல் வாதாடலாம். அல்லது ஒரு அதிகாரியைத் தற்காப்பு அதிகாரியாகக் கேட்கலாம். தற்காப்பு அதிகாரி வேண்டுமா என்று அவனிடம் கேட்டறிவது கோர்ட்டைக் கூட்டுபவரின் கடமை. சிஓ ஒருவரே நடத்தும் சம்மரி கோர்ட் மார்ஷலில் நிலைமை வேறு. அங்கே வக்கீலோ நண்பரோ பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்லலாம், கேட்க வேண்டிய கேள்வியை எழுதித் தரலாம். தானே எழுந்து சாட்சியைக் கேட்கவோ வாதாடவோ முடியாது. ஆகவே அங்கே பையனைத் தயார் செய்வதுதான் வக்கீலின் முக்கால்வாசி வேலை.

கோபத்தைப் பற்றி: வக்கீல் வைப்பதை யூனிட்டுக்கு எதிரான துரோகமாகப் பார்க்கும் மேலதிகாரி தன் வேலையைப் புரிந்துகொள்ளாதவர். சாட்சிகளோடும் சட்ட ஆலோசகரோடும் தடையில்லாமல் பேச அவனுக்கு இடம் தர வேண்டும் என்று விதி 33 சொல்கிறது. போன் பேச நேரம், வக்கீல் வந்தால் உட்கார ஒரு அறை, இரண்டையும் கேட்காமலே ஏற்பாடு செய்யுங்கள். பணம் இல்லையென்றால், காவலில் இருப்பவருக்கு 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. ஊரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் குடும்பம் அணுகலாம்.

"ஒத்துக்கிட்டா சின்ன தண்டனையோட முடிஞ்சிடும்"னு சொல்றாங்க. ஒத்துக்கலாமா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகமாகப் பாழாக்குவதும் இதுதான். ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவனும் அவனுடைய வக்கீலும் முடிவு செய்ய வேண்டியது. மேலதிகாரி அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே கூடாது. சின்ன தண்டனை என்று நீங்கள் சொன்னது டிஸ்மிஸ் ஆக முடியலாம். பென்ஷனும் போகலாம்.

எது எவ்வளவு என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிஓ ராணுவச் சட்டம் 80ஆம் பிரிவில் சம்மரியாக, அதாவது கோர்ட் மார்ஷல் இல்லாமல், முடித்தால் அதிகபட்சம் 28 நாள் சிறை, அல்லது 14 நாள் சம்பளம் வரை அபராதம், இந்த மாதிரி. அதே சிஓ லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ இருந்து சம்மரி கோர்ட் மார்ஷல் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை தரலாம், பணிநீக்கமும் செய்யலாம். "சம்மரி" என்ற ஒரே வார்த்தை இரண்டிலும் வருவதால் குடும்பங்கள் குழம்பிப் போகின்றன. சம்மரி கோர்ட் மார்ஷலில் ஒருவன் குற்றத்தை ஒத்துக்கொண்டால், அதன் விளைவை அவனுக்கு விளக்க வேண்டும். சாட்சியங்களைப் பார்த்தால் ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று தெரிந்தால், அதைத் திரும்பப் பெறும்படி சொல்ல வேண்டும். விதி 115.

சிஓதான் விசாரிக்கிறார், சிஓதான் தீர்ப்பும் சொல்றார். அப்புறம் அவரே எப்படித் துணையா இருப்பார்?

சரியான கேள்வி. பட்டாளத்தில் சிஓவைத் தகப்பன் மாதிரி என்போம். அந்தத் தகப்பன்தான் சம்மரி கோர்ட் மார்ஷலில் தனியாளாக நீதிபதி. கூட உட்காரும் இரண்டு பேருக்கு ஓட்டு கிடையாது. மற்ற கோர்ட் மார்ஷல்களில் இந்த அதிகாரி வேண்டாம் என்று ஆட்சேபிக்கலாம், இங்கே அதற்கும் இடமில்லை.

என் முடிவு இதுதான்: நல்ல சிஓ இந்த இரண்டு வேலையையும் ஒரே கையில் வைத்துக்கொள்ள மாட்டார். வழக்கை ஒரு அதிகாரியிடம் கொடுப்பார். ஆளை, அதாவது அவன் சாப்பாடு, தூக்கம், குடும்பம், வக்கீல் இதையெல்லாம், வேறொருவரிடம் கொடுப்பார். இருவரும் ஒருவர் ஃபைலை ஒருவர் பார்க்க மாட்டார்கள். தானும் தீர்ப்பு வரும்வரை வழக்கைப் பற்றி டீ பார்ட்டியில்கூட வாய் திறக்க மாட்டார். கர்னல் "அவன் திருடன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும், சாட்சி சொல்ல வருகிறவன் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வருவான்.

தனக்கு எதிரான குற்றத்தைத் தானே விசாரிப்பதைச் சட்டமே தடுக்கிறது. அவசரக் காரணம் இல்லாதபோது, மேலே கேட்காமல் அப்படிப்பட்ட வழக்கை சிஓ நடத்த முடியாது. 1987இல் உச்ச நீதிமன்றம் ரஞ்சித் தாகூர் வழக்கில் சொன்னதையும் ஒவ்வொரு சிஓவும் படிக்க வேண்டும். ரஞ்சித் தாகூர் தன் மேலதிகாரிகள் மீது நேராக மேலே புகார் அனுப்பியதற்காக 28 நாள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவர். சாப்பிடச் சொன்ன உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று சம்மரி கோர்ட் மார்ஷல் நடத்தி ஒரு வருஷம் சிறையும் பணிநீக்கமும் கொடுத்தார்கள். அவர் யார் மேல் புகார் கொடுத்தாரோ அந்த அதிகாரியே அந்தக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார். பாரபட்சம் என்றும், குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இல்லை என்றும் சொல்லி நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது.

ரோல் காலில் (எல்லோரையும் கூட்டிப் பெயர் கூப்பிடும்போது) எல்லோருக்கும் சொல்லி எச்சரிக்கலாம் இல்லையா?

பெயர் சொல்லி வேண்டாம். "கேன்டீன் ஸ்டாக்கில் குறை வந்திருக்கு, விசாரணை நடக்குது, யாரும் இதைப் பேசிக்கிட்டுத் திரிய வேண்டாம்" என்பதோடு நிறுத்துங்கள்.

அவனை வேலையில்லாமல் பாரக்கில் உட்காரவைப்பதும் ஒரு தண்டனைதான். முடிந்தால் வழக்கோடு சம்பந்தமில்லாத ஒரு வேலை கொடுங்கள். பி.டி.க்கு வரட்டும், லங்கரில் எல்லோருடனும் சாப்பிடட்டும்.

வீட்டுக்கு யார் சொல்றது? சம்பளம் நின்னுடுமா?

முதலில் அவனே பேசட்டும். பேசத் தயங்கினால், அவன் சம்மதத்தோடு ஜேசிஓ பேசலாம். "உங்க பையன் நல்லா இருக்கான், ஒரு புகார் வந்திருக்கு, விசாரிக்கிறோம், இந்த நம்பருக்கு எப்ப வேணா கூப்பிடலாம்" என்ற அளவு போதும். விவரம் சொல்லாதீர்கள், ஆறுதலுக்காகப் பொய்யும் சொல்லாதீர்கள்.

காவலிலோ இடைநீக்கத்திலோ இருக்கும்போது சம்பளத்தை முழுவதுமாகவோ கொஞ்சமோ நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிறுத்தியே ஆக வேண்டும் என்று இல்லை. வீட்டுக் கடன், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. குடும்ப நிலையை எழுதி மேலே அனுப்புவது கம்பெனி கமாண்டரின் பொறுப்பு. குடும்பம் குவார்ட்டர்ஸில் இருந்தால் அந்த அம்மாவைப் போய்ப் பார்க்க ஒருவரை அனுப்புங்கள்.

புகார் கொடுத்தவரும் நம்ம யூனிட்தான். ரெண்டு பேருக்கும் எப்படித் துணை நிற்பது?

இருவருக்கும் தனித்தனி ஆள். மேலே சொன்ன அந்த ஏற்பாடு இங்கே இரட்டிப்பாக வேண்டும், ஒரே ஜேசிஓ இரண்டு பக்கமும் ஓடக் கூடாது. இடம் மாற்ற வேண்டியிருந்தால் புகார் கொடுத்தவரைத் தூக்கி எங்காவது போடாதீர்கள், அது அவருக்குத் தண்டனை ஆகிவிடும். குற்றம் சாட்டப்பட்டவன் அவரை நேரிலோ போனிலோ நண்பர் மூலமோ அணுகக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு கொடுங்கள். அது அவனையும் காப்பாற்றும், "மிரட்டினான்" என்ற இரண்டாவது சார்ஜ் வராது.

தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பது 56ஆம் பிரிவில் குற்றம். ஆனால் விசாரணைக்கு முன் அதைச் சொல்லிப் புகார்தாரரைப் பயமுறுத்தாதீர்கள்.

லீவில் வந்தவனை ஊர் போலீஸ் பிடிச்சிட்டாங்க. யூனிட் ஏதாவது செய்யுமா?

முதல் வேலை, யூனிட்டுக்குத் தகவல் சொல்வது. மறைத்தால் லீவு முடிந்ததும் அப்சென்ட் ஆகிவிடுவான், 30 நாள் தாண்டினால் கோர்ட் ஆஃப் என்கொயரி உட்கார்ந்து ஓடிப்போனவன் என்று பதிவு செய்யும். வக்கீல், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்துவது போன்ற உரிமைகள் எல்லாக் குடிமக்களையும் போல அவனுக்கும் உண்டு. யூனிட் ஒரு ஆளை அனுப்பி நிலவரம் அறியலாம், அவன் சர்வீஸில் இருக்கும் விவரத்தைக் கொடுக்கலாம். போலீசிடம் யூனிஃபார்ம் காட்டி அழுத்தம் கொடுக்கக் கூடாது.

சில குற்றங்களை இரண்டு நீதிமன்றமும் விசாரிக்கலாம். அப்போது எதில் நடத்துவது என்று முதலில் முடிவு செய்வது பிரிகேட், டிவிஷன் மட்டத்துத் தளபதி. ராணுவத்தில் இல்லாத ஒருவரைக் கொலை செய்ததாகவோ பாலியல் வன்கொடுமை செய்ததாகவோ வழக்கு என்றால், போர்ப்பணி, வெளிநாடு, எல்லைச் சாவடி போன்ற இடங்கள் தவிர, கோர்ட் மார்ஷலுக்கு அதிகாரமே இல்லை.

ஆள் பேசவே மாட்டேங்கறான், சாப்பிடல. பயமா இருக்கு.

பயப்பட வேண்டிய விஷயம்தான், தள்ளிப்போடாதீர்கள். அவமானமும் வேலை போய்விடும் என்ற பயமும் சேர்ந்தால் திடமான ஆளும் உடைந்துபோவான். அன்றைக்கே ரெஜிமென்ட் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆயுதம் ஏந்தும் டியூட்டியிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள். இரவில் தனியாக விடாதீர்கள். "உயிரை மாய்ச்சுக்கலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவு பகல் இலவசம், தமிழிலும் பேசலாம். குடும்பத்தாரும் இதே எண்ணுக்குப் பேசலாம்.

சார்ஜ் கையில் கிடைக்கும் நாள், தீர்ப்பு வரும் நாள், இந்த இரண்டு ராத்திரிகளிலும் கூட ஒரு ஆள் இருக்கட்டும்.

நாலு ரெட் இங்க் என்ட்ரி வந்தா தானா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?

தானாக இல்லை. சர்வீஸ் ரெக்கார்டில் சிவப்பு மையில் எழுதப்படும் தண்டனைப் பதிவைத்தான் ரெட் இங்க் என்ட்ரி என்கிறோம். 2015இல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நான்கு பதிவுகள் என்பதற்காக மட்டும் டிஸ்சார்ஜ் செய்ய முடியாது, விளக்கம் கேட்டு, விசாரித்து, சேவைக் காலத்தையும் கஷ்டமான இடங்களில் பார்த்த வேலையையும் கணக்கில் எடுத்து முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது பதிவு விழும்போதே அவனை உட்காரவைத்துப் பேசுங்கள். குடியா, கடனா, வீட்டில் பிரச்சினையா என்று பாருங்கள்.

தண்டனை கொடுத்துட்டாங்க. இனி எங்கே போறது?

ராணுவச் சட்டம் 164ஆம் பிரிவில் மேலிடத்துக்கு மனு போடலாம். சம்மரி கோர்ட் மார்ஷல் தண்டனை உடனே அமலுக்கு வந்துவிடும், ஆனால் அதன் ஃபைல் மேலே பரிசீலனைக்குப் போகும். அதற்கப்புறம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையில் அதற்குக் கிளை உண்டு. சம்மரி கோர்ட் மார்ஷல் என்றால், பணிநீக்கமோ மூன்று மாதத்துக்கு மேல் சிறையோ இருந்தால்தான் அங்கே போகலாம். காலக்கெடு உண்டு, ஆகவே உத்தரவின் நகல் வந்த அன்றே வக்கீலைப் பாருங்கள். நடவடிக்கைகளின் நகலைச் சீக்கிரம் கொடுக்க யூனிட் உதவ வேண்டும்.

விடுதலை ஆகிவந்தவனுக்கும் ஒரு வார்த்தை: ரோல் காலில் எல்லோர் முன்னாலும் "விசாரணை முடிந்தது, இவர் மேல் குற்றம் இல்லை" என்று சிஓ சொல்ல வேண்டும். நின்றுபோன கோர்ஸ், புரமோஷன் எல்லாவற்றையும் யூனிட்டே தேடிப்பிடித்து எழுத வேண்டும், அவன் கெஞ்சிக்கொண்டு திரியக் கூடாது.

சாப், அவன்தான் செஞ்சான்னு எனக்கே தெரியும். இன்னும் நான் அவனுக்குத் துணையா நிக்கணுமா?

நிற்க வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன இரண்டாவது வேலை அவன் குற்றவாளியா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல. உங்களுக்கு நேரடியாக ஏதாவது தெரியும் என்றால் அதை விசாரணையில் சாட்சியாகச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். அவனைக் கவனிக்கும் பொறுப்பை அன்றே வேறொருவருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

குற்றம் நிரூபணமான பிறகும் உங்களுக்கு ஒரு இடம் இருக்கிறது. தண்டனையைத் தீர்மானிப்பதற்கு முன் கோர்ட் அவனுடைய சர்வீஸ் ரெக்கார்டையும் நடத்தையையும் பார்க்கும். சியாச்சினில் அவன் உங்களோடு இருந்தானா, வெள்ளத்தில் மூட்டை தூக்கினானா, எத்தனை வருஷம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் இருந்தான், இதையெல்லாம் சத்தியம் செய்து சொல்ல அவனுடைய கம்பெனி கமாண்டரும் ஜேசிஓவும் போகலாம். நல்லதோடு கெட்டதும் கேட்பார்கள், இரண்டையும் உள்ளபடி சொல்லுங்கள்.